கணக்கில் பிழையில்லாத ஊர்

ரப்பர் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பதற்கு ஒரு மிதவை உண்டு. மெட்ரோலாக் என்பார்கள். உயரமான குவளையில் ஒரு பங்கு பாலும் இரண்டு பங்கு தண்ணீரும் ஊற்றி, மேலே திரளும் நுரையை வழித்துவிட்டு, மிதவையை மெல்ல இறக்குவார்கள். அது ஆட்டம் அடங்கி நிற்கும்வரை தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பொறுத்திருப்பார். பிறகு குனிந்து, பால் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று படித்து, பெயருக்கு நேரே எழுதுவார்.

என் அம்மா காண்டாக் கம்பிலிருந்து வாளிகளை இறக்கி வைத்துவிட்டு அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே நிரையில் இறங்கி, மரம் மரமாகச் சீவி, வெயில் ஏறியபின் மங்கு மங்காக வழித்துச் சேர்த்த பால் அது. சீவும்போது உளி ஒரு நூல் ஆழமாக இறங்கினாலும் மரத்துக்குக் காயம். மேற்பார்வை பார்க்கும் தண்டல் அதற்கும் சுண்ணாம்பில் குறி போட்டுவிட்டுப் போவார். மழைச்சாரல் மங்கில் விழுந்திருந்தால் மிதவை சொல்லிவிடும். அன்றைய கூலி அதற்குத் தக்கபடி. கிராணி ஒரு ராத்தலைக் கூட்டி எழுதியதுமில்லை, குறைத்து எழுதியதுமில்லை.

சுங்கை பாக்காப்பைச் சுற்றியிருந்த தோட்டங்களை நடத்தியவர்களைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கணக்கில் அவர்கள் சுத்தமானவர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஓடிய கணக்கு அது. அதை யாராவது ஒருவர் புகழ்ந்து எழுத வேண்டும். அந்தக் கணக்கில் வளர்ந்தவன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் தென்பகுதியில், சிம்பாங் அம்பாட்டுக்கும் ஜாவிக்கும் நடுவே இருக்கிறது சுங்கை பாக்காப். பழைய கூட்டரசுச் சாலை ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. இரண்டு பக்கமும் அஞ்சடி நடைபாதை வைத்த கடைவீடுகள். 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனி கெடா சுல்தானிடமிருந்து இந்தக் கரையைப் பெற்று, அன்றைய கவர்னர் ஜெனரலின் பெயரையே சூட்டி புரோவின்ஸ் வெல்லஸ்லி ஆக்கியது. அப்போது தென்பகுதி பெரும்பாலும் சதுப்பு. ஈரம் வடியாத அந்த மண்ணில் கரும்பு வரும் என்று முதலில் கண்டவர்கள் டியோச்சூ சீனர்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். சேற்றைப் பார்த்து அதற்குள் சீனியைக் கண்டது சாதாரணக் கண் இல்லை. இடுப்பளவு சேற்றில் நின்று கால்வாய் வெட்டியவர்களுக்குச் சேறு மட்டும்தான் தெரிந்தது.

பெயர் வைப்பதிலும் அவர்கள் அன்பு உள்ளவர்கள். ஒரு தோட்டத்துக்கு வால்டோர் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் தங்கப் பள்ளத்தாக்கு. இன்னொன்று கலிடோனியா, ஸ்காட்லாந்தின் பழைய பெயர். பைராம் தோட்டம் என்று நாம் நாக்கு உருட்டிச் சொல்கிறோமே, அது இங்கிலாந்தில் யார்க்ஷயரில், இந்தத் தோட்டங்களின் முதலாளிகளான ராம்ஸ்டன் குடும்பத்தின் பூர்வீக இருப்பிடம். ஏழு கடல் தாண்டி வந்தும் பிறந்த மண்ணை மறக்காத குணம் அது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்த எங்கள் பாட்டன்மாரும் பிறந்த ஊரை மறக்கவில்லை. சாகும்வரை அந்த ஊர்ப் பேச்சுதான் பேசினார்கள். அந்தப் பெயரைச் சூட்ட ஒரு முழ நிலம் அவர்கள் கையில் இல்லை.

1846இல் லண்டன் பாராளுமன்றம் எங்கள் கரைக்கு ஒரு பெரிய நன்மை செய்தது. அதுவரை இங்கே விளைந்த சீனிக்குக் கூடுதல் தீர்வை. அந்த ஆண்டிலிருந்து மற்றக் குடியேற்ற நாடுகளின் சீனிக்கு என்ன தீர்வையோ அதே தீர்வை இதற்கும் போதும் என்று முடிவாயிற்று. மேற்கிந்தியத் தீவின் சீனியும் எங்கள் சீனியும் ஒன்றே என்று ஒரு சாம்ராஜ்யமே ஒப்புக்கொண்டது. தோட்டங்கள் பெருகின, ஆலைகள் எழுந்தன, கப்பல் கப்பலாக ஆள் வேண்டியிருந்தது. வெட்டுகிற கை யாருடையது, அதற்கும் சமநீதி உண்டா என்ற கேள்வி அந்தத் தீர்மானத்துக்குள் வரவில்லை. தீர்மானம் சீனியைப் பற்றியது. எடுத்துக்கொண்ட பொருளை விட்டு அவர்கள் விலகவில்லை.

ஒப்பந்தக் கூலிமுறையையும் இப்படியே சொல்லலாம். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தாள். முன்பணம் எவ்வளவு, எத்தனை வருடம், ஒரு நாளைக்கு என்ன கூலி, பிடித்தம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். தோட்டத்தைவிட்டு ஓடினால் அது கடன் விவகாரமாகாது, குற்றமாகும், சிறை உண்டு. அதுவும் முன்கூட்டியே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது, மறைக்கவில்லை. செத்தவர்களைக்கூட விடாமல் எண்ணினார்கள். இந்தியக் குடியேற்றம் பற்றிய அரசாங்க ஆண்டறிக்கைகளில் ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் சாவு என்று கணக்கு வரும். கரும்புத் தோட்டங்களில் அந்த எண் அச்சமூட்டும் அளவுக்கு ஏறியபோதும் மறைக்காமல் அச்சடித்தார்கள். யார் செத்தார், எந்த ஊர்க்காரர், யாருக்குப் பிள்ளை என்பதற்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. 1910இல் அந்த முறை ஒழிந்தது. அதற்கு முன்பே கங்காணி வந்துவிட்டார். தன் சொந்த ஊருக்கே போய், சொந்தக்காரர்களையே அழைத்துவந்து, பெரட்டில் நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு வாங்கிய நம்மவர். எண்ணும் வேலையை நம்மவர் கையில் கொடுத்தார்கள். அவரும் தலை தவறாமல் எண்ணினார்.

ஊரை ஊராக்கியவர் என்று பெயர் சொல்ல வேண்டுமானால் கீ லாய் ஹுவாட்டைச் சொல்ல வேண்டும். டியோச்சூக்காரர், கரும்புத் தோட்ட முதலாளி. சுங்கை பாக்காப்பின் தோற்றம் அவர் பெயரோடுதான் பேசப்படுகிறது. கீ குடும்பத்தின் முன்னோர் ஆலயம் இன்றும் ஊரில் நிற்கிறது. செத்தவர் பெயரைப் பலகையில் பொறித்து வைத்து, தலைமுறை தலைமுறையாக ஊதுபத்தி ஏற்றும் வழக்கம் அவர்களுடையது. இதை நான் மனமாரப் புகழ்கிறேன், இதில் எனக்கு எந்த ஒளிவும் இல்லை. அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். என் அப்பாவின் தாத்தாவுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஊருக்கும் ஒரு காலம் இருந்தது. சம்பளம் போட்ட மறுநாள் பார்த்திருக்க வேண்டும். தோட்டங்களிலிருந்து லோரியிலும் சைக்கிளிலும் நடையாகவும் சனம் வந்து இறங்கும். அஞ்சடியில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்க முடியாது. சீனன் கடையில் சிட்டையைப் பிரித்து, போன மாதத்து அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிப்பார் கடைக்காரர். சில கடைக்காரர்கள் எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்கள். மாமாக் கடையில் ஒரு தட்டுச் சோறு, பிள்ளைக்கு ஒரு ஐஸ் தண்ணீர். தாவணிக்குத் துணி, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சப்பாத்து. தீபாவளிக்கு முந்திய வாரம் என் அத்தை ஒரு ஜோடி தோட்டை எடுத்து விலை கேட்பார், வைத்துவிடுவார். அடுத்த வருடமும் எடுத்து விலை கேட்பார். மிச்சக் காசைக் கள்ளுக்கடை வாங்கிக்கொள்ளும். அது தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஊர்வரை அலைய வேண்டாம் என்று நிர்வாகம் பார்த்துச் செய்த வசதி. கூலி கொடுத்த கைக்கே கூலியில் ஒரு பங்கு சாயங்காலமே திரும்பிவிடும்.

சர்க்கரைக் காலம் அதற்கு வெகு முன்பே முடிந்திருந்தது. ரப்பருக்கு விலை ஏறியதும் துரைமார் தயங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து வருடத்துக்குள் கரும்பு வேரோடு போய், அந்த இடமெல்லாம் கித்தாக் காடு. பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் என்ற கம்பெனி பினாங்கு ரப்பர் எஸ்டேட்ஸ் ஆயிற்று. நடுவில் ஒரு சொல்தான் மாற்றம். லயத்தின் வரிசை வீடுகளில் இருந்தவர்களை மாற்றவில்லை. கரும்பு வெட்டிய கையே மரம் சீவக் கற்றுக்கொண்டது.

விலை விழுந்த காலத்திலும் அவர்கள் நிதானம் இழக்கவில்லை. 1930இல் மலாயாவில் ஆணுக்கு 50 காசாக இருந்த நாள்கூலி 40 காசாயிற்று, பெண்ணுக்கு 40 காசு 32 ஆயிற்று. இரண்டிலும் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஆணுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று இல்லை. அந்தக் கூலிக்கும் வேலை இல்லாதவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். லட்சம் பேருக்கு மேல். கப்பல் கட்டணத்துக்கு அவர்கள் கையிலிருந்து ஒரு காசு வாங்கவில்லை. வரும்போது கடனோடு வந்தவர்கள் போகும்போது இலவசமாகப் போனார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனான். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்கு இன்றுவரை எல்லாரும் ஒப்பும் ஓர் எண் கிடையாது. ரப்பர் ராத்தலுக்குத் தப்பாத கணக்கு அங்கே முதல்முறையாகத் தப்பியது.

இப்போது ராம்ஸ்டன் குடும்பத்துக்கு வருகிறேன். கட்டுரையின் பாதிப் புகழ் அவர்களுக்குத்தான் சேர வேண்டும்.

எட்வர்ட் ஹார்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் இந்தக் கரும்புத் தோட்டங்களின் முதலாளியாக இருந்தார். அவர் மனைவி ராம்ஸ்டன் வீட்டுப் பெண். அவருக்குப் பின் தோட்டங்கள் மைத்துனர் சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன் கைக்குப் போயின. ராம்ஸ்டன் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்ட் என்ற துணி ஆலை நகரத்தின் பெரும்பகுதி நிலமே சொந்தம். அங்கே வீடு கட்டியவனும் கடை வைத்தவனும் ஆலை நடத்தியவனும் அவர்கள் மண்ணில்தான் நின்றான். ஊர்க்காரர்களுக்கு அது தலைமுறைக் குறை. 1920இல் அந்த ஊர் நகராட்சி ராம்ஸ்டன் குடும்பத்திடம் பேசி, பத்து லட்சம் பவுனுக்கு மேல் விலை கொடுத்து, அந்த நிலம் முழுவதையும் வாங்கிவிட்டது. தன்னைத்தானே வாங்கிய ஊர் என்று ஹட்டர்ஸ்ஃபீல்டை இன்றும் சொல்கிறார்கள். ஒரு முதலாளி குடும்பம் தன் மண்ணில் வாழ்ந்த சனத்துக்கே மண்ணை விற்றது. உலகத்தில் எத்தனை முதலாளிகளுக்கு அந்த மனம் வரும்?

அதே 1920இல் பைராமிலும் கலிடோனியாவிலும் எங்கள் சனம் லயத்தில் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு திண்ணை, பத்து வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். ஊரைச் சனத்துக்கு விற்பது எப்படி என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும், விற்றும் காட்டியது. அந்த அறிவைக் கப்பலில் ஏற்றிவரவில்லை.

நிபோங் திபால் பக்கம் கலிடோனியாவில் அவர்களுடைய மாளிகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். 99 கதவு வீடு என்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உள்ளே நுழைய வழி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 1948இல் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அகாலச் சாவு, வருத்தத்துக்குரியது. அவர் பெயர், ஆண்டு, நடந்த இடம் எல்லாம் வரலாற்றில் இருக்கின்றன. வீடு இப்போது பாழ். ஓடு சரிந்து, கதவுகள் போய், சுவரைப் பிளந்து ஆலம்வேர் இறங்கியிருக்கிறது. ராத்திரியில் பேய் பார்க்க என்று வெளியூர்ப் பிள்ளைகள் கேமராவோடு வருகிறார்கள். ஒரே ஒரு சாவுக்கு எவ்வளவு பெரிய நினைவு மண்டபம்! அந்த வீட்டைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, காய்ச்சலில் போனவர்களைத் தேடி யாரும் கேமரா எடுத்துக்கொண்டு வருவதில்லை. அவர்கள் பேயாகக்கூட யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

நாடு சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் வேறு கணக்குப் போட்டார். துன் வீ. தி. சம்பந்தன். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக நடந்து, பால்வெட்டுக்காரர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்து, அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். மரம் சீவியவன் மரத்துக்குப் பங்காளி ஆனான். ஹட்டர்ஸ்ஃபீல்ட் செய்ததை நம் சனமும் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. இந்தப் பத்தியில் நான் சொல்லும் புகழுக்கும் மறுபக்கம் கிடையாது.

மற்ற இடங்களில் கணக்கு பழையபடியே நடந்தது. 1960களின் கடைசியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமச் சட்டம் வந்தது. இங்கேயே பிறந்து, காகிதம் எடுக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர் கப்பல் ஏறினார்கள். பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. எங்கள் சனம் அதை முள்ளுத்தேங்காய் என்றது. நாலு குடும்பம் செய்த வேலைக்கு ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆளும் பிறகு இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தார், ஒரு தாளோடு, முன்பணத்தோடு.

எங்கள் தோட்டத்துக்கு 1996இல் கடிதம் வந்தது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்களைத் தனியாகக் குறை சொல்ல எதுவும் இல்லை. மரியாதையான கடிதம். மலாயிலும் ஆங்கிலத்திலும் அடித்து, எங்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழிலும் ஒரு தாள் இணைத்திருந்தார்கள். நிலம் மேம்பாட்டுக்குப் போகிறது, இந்தத் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள், சட்டப்படி சேர வேண்டியது சேரும். அம்மாவுக்கு 31 வருட சர்வீஸ். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு 20 நாள் கூலி என்பது 1980ஆம் ஆண்டு விதி. முப்பத்தொன்றை இருபதால் பெருக்கி 620 நாள். மாதக்கணக்கு, மீதிநாள், காசு வரை சரியாக இருந்தது. நான் அப்போது மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைத்தான் பெருக்கிப் பார்க்கச் சொன்னார். மூன்று தடவை பெருக்கினேன். பிழை இல்லை.

"வீட்டுக்கு ஒண்ணும் போடலியாடா?" என்று மட்டும் கேட்டார்.

வீடு கம்பெனியுடையது. பாட்டி பிரசவித்த அறை, அப்பாவைக் கிடத்திய திண்ணை, அம்மா சாணம் மெழுகிய வாசல், வேலியோரம் நட்ட முருங்கை, எல்லாம் கம்பெனியுடையது. கணக்கில் அதற்கு வரி இல்லை என்றால் அது கணக்கின் பிழையும் இல்லை. கோயிலுக்கு வேறு இடம் பார்த்துத் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள், தந்தார்கள். சுடுகாட்டைப் பற்றி மட்டும் கடிதத்தில் எதுவும் இல்லை. நாங்களும் கேட்கத் தெரியாமல் வந்துவிட்டோம்.

லயத்தை ஒரே வாரத்தில் இடித்தார்கள். அவ்வளவு அவசரமாகக் காலி செய்த நிலம் அதன்பின் பல வருடம் சும்மா கிடந்தது. முன்பக்கம் ஒரு பலகை, உள்ளே ஆளுயரம் லாலாங் புல்.

மூன்று வருடத்துக்கு முன் அத்தையை அங்கே அழைத்துப் போனேன். எழுபத்தெட்டு வயது. மோட்டாரில் உட்கார மாட்டேன் என்றார், காரில் போனோம். பாதி நிலத்தில் தாமான் வீடுகள் எழுந்திருந்தன. மீதியில் புல்தான். அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். வீடு எது, வழி எது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு பலாமரத்தைப் பிடித்தார். அதிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார்.

"இது அஞ்சலை வீடு. இது தண்டல் வீடு. இது கொழாயடி. இங்கதாண்டா தம்பி நீ வழுக்கி விழுந்து மண்டையில தையல் போட்டது."

காலால் புல்லை விலக்கிக் காட்டினார். சிமெண்டுத் தளத்தின் ஒரு மூலை தெரிந்தது. பாசி படிந்து, நடுவில் தண்ணீர் விழுந்து விழுந்து குழிந்த இடம் அப்படியே இருந்தது. அத்தை அந்தக் குழியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அறுபது வீட்டையும் வரிசை தப்பாமல் சொன்னார். யார் மகள் யார் வீட்டுக்குப் போனாள், எந்த வீட்டில் பசுமாடு இருந்தது, எந்த வீட்டுப் பிள்ளை குளத்தில் போனது என்று ஒவ்வொன்றாக. ஒரு பெயர்கூடத் தடுமாறவில்லை. நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த தடவை வரும்போது நோட்டுப் புத்தகம் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். அத்தை போன வருடம் தவறிவிட்டார்.

சாலை போட்டவர்களையும் விட்டுவிடக் கூடாது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறந்தது. அதற்குமுன் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகிற பஸ் எல்லாம் எங்கள் கடைத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும், நின்று டீ குடித்தாக வேண்டும். இப்போது யாருக்கும் அந்தச் சிரமம் இல்லை. 2014இல் இரண்டாம் பாலம் பத்து காவானில் வந்து இறங்கியது. கடலுக்கு மேலே மட்டும் 16.9 கிலோமீட்டர், மொத்தம் 24. அதைப் பிடித்துத் தொழிற்பேட்டைகள் வந்தன, 2019இல் ஐகியா வந்தது. பழைய கரும்புச் சதுப்பில் நிலம் இப்போது அடிக்கணக்கில் விலை போகிறது. மண்ணைத் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயே ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள், கம்பெனி பஸ்ஸில், கழுத்தில் எண் போட்ட அட்டையோடு. வேலை கிடைக்கிறது என்பது பெரிய விஷயம். என் தம்பி மகனும் அங்கேதான் இருக்கிறான்.

அரசியல்வாதிகளை மறதிக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். 2024 மே மாதம் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் காலமானார். ஜூலை 6ஆம் தேதி இடைத்தேர்தல். இடையில் இருந்த ஆறு வாரத்தில் சுங்கை பாக்காப்பின் குறைகளைக் கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். சந்தை, தண்ணீர், மருத்துவமனை, ஊருக்குள் அடைத்துக்கொள்ளும் போக்குவரத்து. நாங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அமைச்சர்கள் எங்கள் அஞ்சடியில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். கோயிலில் மாலை வாங்கினார்கள். எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, அதில் இந்தியர் எத்தனை என்பது வரை அவர்கள் கையில் பட்டியல் இருந்தது. கிராணியின் பேரேட்டைத் தவிர எங்களை அவ்வளவு நுணுக்கமாக எண்ணியவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக எங்களையும் புகழ வேண்டும். தோட்டத்தைவிட்டு வந்தவர்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். எங்கள் லயத்துப் பிள்ளைகளில் டாக்டர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, சிங்கப்பூரில் நிரந்தரவாசம் வாங்கியவர்கள் உண்டு. தகரக் கூரையின்கீழ் இருந்த முனியாண்டிக்கு இன்று கிரானைட் மேடை, குடமுழுக்குக்குப் பதினாறு பக்க மலர். நன்கொடையாளர் பெயர்கள் தொகைவாரியாக, வெள்ளிக்கணக்கில், ஒன்று விடாமல் அச்சாகியிருந்தன. கணக்கு எழுதும் பண்பு எங்களுக்கும் வந்துவிட்டது. அந்த முனியாண்டியை முதலில் கல்லாக நட்டவர் யார் என்று பதினாறு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளின் பெயர்ப் பலகையைப் பாருங்கள்: லாடாங் வால்டோர், லாடாங் ஜாவி, லாடாங் சங்காட். லாடாங் என்றால் தோட்டம். சுற்றியிருந்த லயங்கள் போய்விட்டன, பலகையில் தோட்டம் இருக்கிறது. உள்ளே உட்காரப் பிள்ளைகள் இருக்கும்வரைதான் அதுவும் இருக்கும்.

அம்மாவின் 620 நாள் பற்றுச்சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதன் முதுகில் இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறேன். அத்தை சொன்ன அறுபது வீட்டில் எனக்கு நினைவு இருப்பவை பதினேழு. நீங்கள் சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராக இருந்தால், வீட்டில் எழுபது தாண்டியவர் ஒருவராவது இருப்பார். இந்த வாரக் கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். லயத்தின் முதல் வீட்டிலிருந்து கேட்டு எழுதுங்கள்.